வெள்ளை பெல்ட்டிலிருந்து ஒரு வருடம்: உதைக்கும் காலை விட நிற்கும் கால்

கராத்தேயில் சேர்ந்த ஒரே மாதத்தில் எல்லோருக்கும் வரும் கேள்வி, "கிக் எப்போ மேலே போகும்?" என்பதுதான். அதற்காகத் தொடை கிழியும் அளவுக்கு ஸ்ட்ரெட்ச் செய்வார்கள். கணுக்காலில் மணல் எடை கட்டிக்கொண்டு உதைப்பார்கள். ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியில் வாரம் மூன்று கிளாஸ், மற்ற நாட்களில் வீட்டில் இருபது நிமிடம் என்று ஒரு வருடம் பழகினால் தெரியவருவது வேறு. கிக் உயராததற்கும் தள்ளாடுவதற்கும் பெரும்பாலான காரணம் தரையில் ஊன்றி நிற்கும் காலில்தான் இருக்கிறது. இந்தப் பகிர்வில் எந்தப் பயிற்சி பலன் தந்தது, எது முட்டியைக் கெடுக்கும், எந்தப் பொருளுக்குக் காசு செலவழிக்கலாம் என்பதையெல்லாம் அந்தக் காலை வைத்தே பார்க்கலாம்.

முதலில் ஒரு சோதனை. பெல்ட் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் வெறுங்காலில் நின்று ஒரு முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். பெல்ட்டின் கோடு தரைக்கு இணையாக இருக்கிறதா? புதியவர்களில் பலருக்குத் தூக்கிய கால் பக்கம் பெல்ட் சரிந்திருக்கும். அதைச் சமாளிக்க உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், நிற்கும் காலின் விரல்கள் தரையைக் கவ்விப் பிடிக்கும். நிற்கும் காலின் இடுப்புப் பக்கத் தசை வலுவில்லாததுதான் இதற்குக் காரணம். பாதத்தில் எடை மூன்று இடங்களில் பரவ வேண்டும்: பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால். விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யத் தனி நேரம் தேவையில்லை. பல் தேய்க்கும்போது ஒரு காலில் முப்பது விநாடி, பிறகு மறு காலில் முப்பது விநாடி நின்றால் போதும். ஆடாமல் நிற்க வந்ததும் தலையை மட்டும் இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். அதுவும் வந்த பிறகு சுவருக்குப் பக்கத்தில் நின்று பத்து விநாடி கண்ணை மூடிப் பாருங்கள். உடம்பு தன் நிலையைக் கண், உள்காது, பாதமும் கணுக்காலும் அனுப்பும் உணர்வு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் கணிக்கிறது. கண்ணை மூடினால் பாதம் வேலை செய்தே ஆக வேண்டும். முதல் நாள் மூன்று விநாடிகூட நிற்க முடியாமல் போகலாம், அது சாதாரணம்தான்.

அடுத்தது மாயெ கேரி, அதாவது முன் உதை. முதல் ஆறு மாதத்துக்கு இந்த ஒன்றே போதுமான வேலை. ஜப்பானிய எண்களில் ஒன்று முதல் நான்கு வரை எண்ணி, நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'இச்' என்றால் முழங்கால் இடுப்புக்கு மேலே, குதிகால் தொடையின் பின்புறத்தை ஒட்டி. 'நி' என்றால் கீழ்க்கால் நீளும், விரல்கள் மேல்நோக்கி மடங்கும், விரல்களுக்குக் கீழே உள்ள தடித்த பகுதி இலக்கைத் தொடும். அந்தப் பகுதியைக் கோஷி என்பார்கள். 'சான்' என்றால் கால் பழையபடி மடங்கித் தொடையருகே திரும்பும், இதுதான் ஹிகியாஷி. 'ஷி' என்றால் தரை. ஒரு கையைச் சுவரில் வைத்து, இச்சிலும் சானிலும் மூன்று விநாடி நிறுத்தி, ஒரு காலுக்கு ஐந்து உதை. இப்படி மூன்று செட். பிறகு கையை எடுத்துவிட்டு வழக்கமான வேகத்தில் பத்து.

பெரும்பாலும் தவறு நடப்பது மூன்று இடங்களில். முழங்கால் இடுப்புக்குக் கீழேயே இருந்தால் பாதம் கால்பந்தை உதைப்பதுபோலக் கீழிருந்து மேலே போகும். ஜோடிப் பயிற்சியில் விரல் நேராக எதிராளியின் முழங்கையில் போய் மோதும். விரல்கள் மடங்காவிட்டால் உதைக்கும் பேடில் குத்தி வீங்கும். விரல்களை ஊன்றி மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து முப்பது விநாடி, மூன்று தடவை என்று தினமும் செய்தால் சில வாரங்களில் மடங்கத் தொடங்கும். மூன்றாவது, ஹிகியாஷியை விட்டுவிடுவது. காலை இழுக்காமல் அப்படியே கீழே போட்டால் உடம்பின் எடை முழுதும் முன்னால் விழும், அடுத்த அடியை யோசிக்கக்கூட நேரம் கிடைக்காது.

காற்றில் உதைக்கும்போது முட்டியை முழு வேகத்தில் நேராகப் பூட்டக் கூடாது. தடுக்க எதுவும் இல்லாததால் வேகமெல்லாம் மூட்டில்தான் முடியும். முட்டியின் பின்புறம் வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். முழுதாக நீள்வதற்குக் கொஞ்சம் முன்பே இழுத்துவிடுங்கள், போன வேகத்தை விட வேகமாக. இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உதைக்கும்போது பேன்ட் 'பட்'டென்று ஈரத் துணி உதறுவதுபோலச் சத்தமிட்டால் நல்ல கிக் என்று பலர் நம்புகிறார்கள். 12 அவுன்ஸ் கனத் துணியில் சுமாரான கிக்கும் சத்தம் போடும், 8 அவுன்ஸ் துணியில் நல்ல கிக்கும் அமைதியாக இருக்கும். காதை நம்பிப் பழகாதீர்கள்.

மவாஷி கேரி என்ற சுற்று உதையில்தான் நிற்கும் காலின் முக்கியத்துவம் முழுமையாகத் தெரியும். வலது காலால் உதைத்தால் இடது குதிகால் சுழன்று இலக்கின் பக்கம் திரும்ப வேண்டும். இந்தச் சுழற்சி முழங்கால் மேலே வரும்போதே தொடங்க வேண்டும். கிக் போன பிறகு திருப்பினால் காலம் கடந்துவிட்டது. பாதம் ஒட்டிக்கொண்டு இடுப்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முட்டிக்குப் போகும். முட்டி மடங்கி நீளத்தான் அமைந்திருக்கிறது, முறுக்கைத் தாங்க அல்ல. ஆரம்பநிலை காயங்களில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான்.

சாக்பீஸால் தரையில் இலக்கை நோக்கி ஒரு நேர்கோடு போடுங்கள். இடது பாதத்தை அதன்மேல், விரல்கள் முன்பக்கம் இருக்கும்படி வையுங்கள். மெதுவாக மவாஷி போட்டு, காலை மடக்கி, கீழே வைக்காமல் அப்படியே நின்று குனிந்து பாருங்கள். குதிகால் கோட்டுக்குக் குறுக்காக வந்து, அதையும் தாண்டி முன்பக்கம் திரும்பியிருந்தால் சரி. விரல்கள் இன்னும் முன்னாலேயே நீட்டியிருந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

தரையும் இதில் விளையாடும். மொட்டை மாடி சிமென்ட்டில் சுழன்றால் பாதத்தின் முன்பகுதித் தோல் உரிந்து கொப்புளம் வரும். மாடியை விட்டால் இடமில்லை என்பவர்கள் நிற்கும் காலுக்கு மட்டும் பழைய சாக்ஸ் போடலாம். வழவழப்பான டைல்ஸில் மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். ஒன்றோடொன்று கோக்கும் 20 மில்லிமீட்டர் ஃபோம் மேட் விழுந்தால் காப்பாற்றும், ஆனால் பாதம் சற்று அமுங்கிச் சுழல மறுக்கும். அதில் திரும்பும்போது குதிகாலை ஒரு நூல் அளவு தூக்கிக்கொள்ள வேண்டும். வியர்வை சொட்டாத மொசைக் தரைதான் பழக எளிது.

உயரத்தைப் பற்றிச் சொன்னால், போட்டி விதியில் தலைக்குப் போகும் கிக்குக்கு 3 புள்ளி, நடு உடம்புக்கு 2, குத்துக்கு 1. அதனால் எல்லோருக்கும் ஜோதான், அதாவது தலை உயர உதை மேல் ஆசை வரும். முதல் வருடம் வயிற்று உயரத்தில் பத்துக்குப் பத்தும் ஆடாமல் வந்தால் அதுவே பெரிய வளர்ச்சி. கட்டாவும், அதாவது வரிசைப்படி தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பும் அவசரப்படுத்துவதில்லை, முதல் கட்டாவான ஹெயான் ஷோதானில் ஒரு உதைகூடக் கிடையாது. அடுத்த கட்டாவான ஹெயான் நிதானில்தான் யோகோ கேரி என்ற பக்க உதையும் மாயெ கேரியும் வருகின்றன.

ஸ்ட்ரெட்சிங்கில் நேரம் வீணாவது முறை தெரியாததால். கிளாஸுக்கு முன்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் காலை வீசுவது பன்னிரண்டு முதல் பதினைந்து தடவை போதும். அசையாமல் பிடித்து இழுப்பதை, உடம்பு சூடாக இருக்கும் முடிவில், ஒவ்வொன்றும் முப்பது விநாடி, இரண்டு மூன்று தடவை செய்யலாம். இடுப்பின் முன்பக்கத்தில் குத்துவதுபோல வலித்தால் நிறுத்திவிடுங்கள். அது தசை இழுபடும் வலி அல்ல.

நெகிழ்வு இருந்தும் கிக் உயராதவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். காலைக் கையால் பிடித்து எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ தூக்கி, கையை விடுங்கள். கால் எவ்வளவு கீழே இறங்கியதோ அவ்வளவுக்குப் பலம் பற்றவில்லை. அதற்கு மருந்து: கால் நீட்டி உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தொடைக்கு இருபுறமும் ஊன்றி, பின்னால் சாயாமல் ஒரு காலைத் தரையிலிருந்து பத்து தடவை தூக்குவது. ஆறாவது ஏழாவதில் தொடை பிடித்துக்கொள்ளும். கைகளை முட்டிப் பக்கம் நகர்த்த நகர்த்தக் கடினமாகும்.

ஸ்டாமினாவுக்கு ஸ்கிப்பிங் கயிறு போல மலிவான பொருள் இல்லை. ஒரு நிமிடம் குதித்து அரை நிமிடம் ஓய்வு, ஐந்து சுற்று என்று தொடங்கி, மூன்று நிமிடச் சுற்று மூன்றுக்கு வரலாம். பெரியவர்களுக்கான குமிதே, அதாவது நேருக்கு நேர் மோதும் போட்டியும் மூன்று நிமிடம்தான். தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்பினால் போதும். சிமென்ட் தரை என்றால் ஷூ போட்டுக் குதியுங்கள், இல்லையென்றால் முன்னங்கால் எலும்பு வலிக்கும். ஸ்குவாட் பதினைந்து மூன்று செட், குதிகால் உயர்த்தல் இருபது, பிளாங்க் நாற்பது விநாடி. இவை எல்லாம் கிக் பயிற்சிக்குப் பிறகு; களைத்த காலில் பழகும் கிக் தவறாகவே பதியும்.

பொருட்களில் வருடம் முழுதும் கைகொடுத்தவை கயிறு, எலாஸ்டிக் பேண்ட், கையில் பிடிக்கும் கிக் பேட். உடைக்கு நம் ஊர் வெயிலில் 8 அவுன்ஸ் போதும். முழுக் காட்டன் என்றால் துவைத்ததும் சுருங்கும், ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். முதலில் கிழிவது பேன்ட்டின் கவட்டுத் தையல். அங்கே தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். கணுக்கால் எடை வாங்கவே வேண்டாம். அதைக் கட்டி வேகமாக உதைத்தால், கால் நீளும் கணத்தில் எடை முட்டியைப் பிடித்து இழுக்கும். மெதுவாகக் காலைத் தூக்கிப் பிடிக்க அரை கிலோ உதவும்தான், ஆனால் அந்த வேலையை எலாஸ்டிக் பேண்டே செய்துவிடும்.

தொங்கும் பேக் நல்ல பொருள், ஆனால் ஆறு மாதம் கழித்து. உங்கள் எடையில் ஏறக்குறைய பாதி கனம் இருக்கட்டும். அதைவிட லேசானால் ஆடிக்கொண்டே ஓடும். பேக்கில் எண்ணிக்கை வைத்து உதைக்காதீர்கள். நிற்கும் காலின் குதிகால் தானாக எழும்பத் தொடங்கும் அந்த உதைதான் அன்றைய செட்டின் கடைசி, அது எட்டாவதாக இருந்தாலும் சரி, இருபதாவதாக இருந்தாலும் சரி.