டென்னிஸ் எல்போ: ஊசி, பிசியோ ரெண்டும் பார்த்தாச்சு

பக்கத்து வீட்டு அக்காவுக்கு துணி பிழியும்போது முழங்கை வெளிப்பக்கம் சுரீர்னு இழுக்குதாம், டாக்டர் இது டென்னிஸ் எல்போன்னு சொல்லி, ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கலாம்னாராம், நீ போட்டியே எப்படிடி இருந்துச்சுன்னு கேட்டாங்க. அவங்களுக்கு சொன்னதையே இங்கயும் எழுதறேன்.

ஊசிக்கு உள்ள பெருமையை குறைக்க மாட்டேன். போட்ட ராத்திரி வலி கூடுச்சு, அப்புறம் ரெண்டு மூணு நாள்ல போன இடம் தெரியல, குக்கரை ஒத்தைக் கையில தூக்கினேன். அந்த வேகத்துல எந்த பிசியோவும் வலியைக் குறைக்க முடியாது. ஆனா ரெண்டு மாசத்துல திரும்ப வந்துச்சு பாருங்க, தோசைக் கரண்டி பிடிக்கக்கூட முடியல!

எனக்கு மட்டும்தான் இப்படியான்னு தேடினா, நெதர்லாந்துல 185 பேரை வச்சு பண்ண ஆய்வு 2002லயே லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்திருக்கு. ஆறாவது வாரம் ஊசிக்கு 92 சதவீதம் வெற்றி, பிசியோவுக்கு 47தான். ஒரு வருஷம் கழிச்சு ஊசி 69, பிசியோ 91, சும்மா விட்டவங்களுக்கே 83. ஊசி போடறதுக்கு முன்னாடி இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா வேணாமா? நாள்பட்ட டென்னிஸ் எல்போல பிரச்சனை வெறும் வீக்கம் இல்ல, தசைநாரே நைஞ்சு போயிருக்கும், ஸ்டீராய்டு வலியை அமுக்குமே தவிர நாரை வலுவாக்காது.

பிசியோ மேலயும் கோவம் உண்டு. முதல்ல போன இடத்துல தினமும் கரண்ட் மெஷினை வச்சு, அல்ட்ராசவுண்டை தேய்ச்சு, காசை வாங்கிட்டு அனுப்பிட்டே இருந்தாங்க, ஒரு எக்சர்சைஸ் சொல்லித் தரல. வேற இடம் மாத்தினப்புறம்தான் அந்தம்மா மெஷினையே தொடாம, முன்கையை மேஜையில வச்சு உள்ளங்கை கீழ பார்க்க அரை லிட்டர் தண்ணி பாட்டிலை பிடிக்கச் சொல்லி, இன்னொரு கையால மேல தூக்கிவிட்டு வலிக்கிற கையால மெதுவா மெதுவா இறக்கச் சொன்னாங்க. லேசா வலிச்சா பரவால்ல, மறுநாள் வலி கூடினா வெயிட்டை குறைன்னாங்க. மூணு மாசம் கிட்ட ஆச்சு, பொறுமையை சோதிக்கும், ஆனா இப்ப ஈரப் போர்வையையே பிழியறேன்.

அக்கா, ஊசி வேணாம்க்கா. உங்களுக்கு சுகர் வேற இருக்கு, ஸ்டீராய்டு போட்டா கொஞ்ச நாளைக்கு சுகர் ஏறும். பிசியோ போங்க, ஆனா முதல் நாளே என்ன எக்சர்சைஸ் தருவீங்கன்னு கேளுங்க, மெஷின் மட்டும்தான்னா எழுந்து வந்துடுங்க, அதுக்குக் காசு கொடுக்கறதுக்கு வீட்ல கைக்கு ரெஸ்ட் கொடுத்துட்டு சும்மாவே இருக்கலாம்.