செல்லின் இரண்டு பிடிகள்: ஃபோக்கல் அட்ஹீஷனா, ஹெமிடெஸ்மோசோமா?

செல்லுக்கு வெளியே கொலாஜன், லேமினின், ஃபைப்ரோனெக்டின் என்று ஒரு புரத வலை பின்னிக் கிடக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் முக்கியக் கை இன்டெக்ரின். ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகள் சேர்ந்த ஜோடி இது. மனிதரில் 24 வகை உண்டு. ஆனால் அந்தக் கை உள்ளே எந்தக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிடியின் குணமே மாறிவிடுகிறது. அப்படி அமையும் இரண்டு பிடிகள்தாம் ஃபோக்கல் அட்ஹீஷனும் ஹெமிடெஸ்மோசோமும்.

ஃபோக்கல் அட்ஹீஷனில் கயிறு ஆக்டின் என்ற புரத இழை. இன்டெக்ரினின் வாலையும் ஆக்டினையும் இணைப்பது டாலின் என்ற புரதம். ஆக்டின் இழுக்கும்போது, சில பிக்கோநியூட்டன் என்ற மிகச் சிறிய விசையிலேயே டாலினின் மடிப்புகள் பிரியத் தொடங்கும். உள்ளே ஒளிந்திருந்த இடங்களில் வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து உட்கார்ந்து, மேலும் ஆக்டினைச் சேர்க்கும். இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது! தரை மெத்தென்று இருந்தாலோ விசை ஏறாது, பிடியும் வளராது. செல் தன் தரையைத் தடவிப் பார்ப்பது இப்படித்தான். 2006-ல் வந்த ஓர் ஆய்வில், மென்மையான ஜெல்லில் வைத்த ஸ்டெம் செல்கள் நரம்புச் செல்லின் சாயலையும், விறைப்பான ஜெல்லில் வைத்தவை எலும்புச் செல்லின் சாயலையும் பெற்றன. இழுவைக்குக் காரணமான மையோசின் என்ற புரதத்தைத் தடுத்ததும் அந்த வேறுபாடு போய்விட்டது.

ஹெமிடெஸ்மோசோமுக்கு இந்தச் சாமர்த்தியம் குறைவு. 'பாதி டெஸ்மோசோம்' என்ற பெயரும் நுண்ணோக்கித் தோற்றத்தைப் பார்த்து வைத்ததுதான்; செல்லோடு செல்லை ஒட்டும் டெஸ்மோசோமின் புரதங்கள் வேறு. இதில் இருப்பது ஆல்ஃபா6பீட்டா4 என்ற இன்டெக்ரின். மற்ற பீட்டா வால்கள் நூறு அமினோ அமிலம்கூடத் தேறாதபோது, பீட்டா4-இன் வால் ஆயிரத்தைத் தாண்டும். அந்த வால் உள்ளே பிளெக்டின் என்ற புரதம் வழியாகக் கெரட்டின் இழைகளைப் பிடிக்கிறது; வெளியே இந்த இன்டெக்ரின் பற்றுவது லேமினின் வகைகளில் ஒன்றான லேமினின்-332-ஐ.

ஆராய்ச்சியில் புகழ் முழுக்க ஃபோக்கல் அட்ஹீஷனுக்கே. தோல் உரியாமல் காப்பதோ ஹெமிடெஸ்மோசோம். அதன் புரதங்களில் ஒன்றான கொலாஜன்-17-ஐ உடலின் எதிர்ப்புரதங்களே (ஆன்டிபாடிகள்) தாக்கினால், முதுமையில் அதிகம் வரும் புல்லஸ் பெம்ஃபிகாய்டு கொப்புளங்கள் கிளம்பும். லேமினின்-332 பிறவியிலேயே பழுதானால் லேசான உரசலுக்கே தோல் கழன்றுவிடும். அப்படிப்பட்ட 7 வயதுச் சிறுவனுக்கு, மரபணு திருத்திய அவனது செல்களிலிருந்தே மேல்தோலில் சுமார் 80% புதிதாக வளர்த்துப் பொருத்திய செய்தி 2017-ல் வந்தது.

தோலுக்கு எது வேண்டும் என்றால், தயங்காமல் ஹெமிடெஸ்மோசோம் என்பேன். ஆனால் காயம் பட்டால் கதை மாறும். அப்போது விளிம்புச் செல்கள் இந்த உறுதியான பிடியைத் தாமே கலைத்து, ஆக்டின் பிடியால் பற்றிப் பற்றி நகர்ந்து காயத்தை மூடுகின்றன. மூடிய பிறகே ஹெமிடெஸ்மோசோம்களை மறுபடி கட்டுகின்றன.