வான்வழியைப் புதுப்பிக்கப் பணம் யார் தருவது? அமெரிக்கா, கனடா, ஐரோப்பா: மூன்று வழிகள்

செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஒரு புதிய தரையிறங்கு பாதையை வகுக்க ஓடுபாதையின் ஓரத்தில் கருவிகளை நட வேண்டியதில்லை. அலாஸ்காவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஜூனோ நகரில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1996-லேயே ஆர்.என்.பி. என்ற செயற்கைக்கோள் வழிகாட்டல் முறையில் இறங்கிக் காட்டிவிட்டது. கருவிவழி இறங்கும் ஓடுபாதை முனைகள் எல்லாவற்றுக்கும் 2016-க்குள் இப்படிப்பட்ட பாதை வேண்டும் என்று ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ இலக்கு வைத்தது. உலக அளவில் அது எட்டப்படவில்லை. தொழில்நுட்பம் கையில் இருந்தும் ஏன் இந்தத் தாமதம்? பணம் எந்தச் சீரில் வருகிறது, ஒரே தேதிக்கு எல்லோரையும் கொண்டுவரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் வான்வழியை நடத்தும் எஃப்.ஏ.ஏ. (கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம்) அரசு அமைப்பு. 1970-ல் உருவான அறக்கட்டளை நிதிக்கு உள்நாட்டுப் பயணச்சீட்டில் 7.5% வரி போகிறது. ஆனாலும் செலவழிக்க நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒப்புதல் தர வேண்டும். 2007-க்கும் 2012-க்கும் இடையில் எஃப்.ஏ.ஏ.வின் சட்ட அங்கீகாரம் 23 முறை தற்காலிகமாக நீட்டிக்கப்பட்டது. 2011 ஜூலையில் அதுவும் தவறிப்போக, சுமார் 4,000 ஊழியர்கள் இரண்டு வாரம் வீட்டில் இருந்தார்கள்.

இந்த இடைவெளிகள் எவ்வளவு கேடு செய்யும் என்பது ஒரு பாதை உருவாகும் விதத்தைப் பார்த்தால் புரியும். சுற்றிலும் உள்ள தடைகளை அளக்க வேண்டும். வடிவமைத்து, சிமுலேட்டரில் ஓட்டி, சோதனை விமானத்தில் பறந்து பார்க்க வேண்டும். தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். விமான வரைபடங்கள் புதுப்பிக்கப்படும் 28 நாள் வெளியீட்டுச் சுழற்சியில் ஒரு தேதியைப் பிடிக்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அளந்த தரவு பழசாகிவிடும். வெளியிட்டதோடும் வேலை முடியாது. ஐந்தாண்டுக்குள் ஒவ்வொரு பாதையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ரேடியோ அலையில் திசை காட்டும் பழைய வி.ஓ.ஆர். தரைநிலையங்களை மூடும்வரை அவற்றின் பராமரிப்புச் செலவும் ஓடிக்கொண்டே இருக்கும். திட்டம் தொடங்கும்போது கேட்கும் தொகைக்குக் கைதட்டல் கிடைக்கும். இந்தத் தொடர்செலவைப் பற்றிப் பேச ஆளிருக்காது.

நாடு முழுவதும் ஒரே அமைப்பு, ஒரே விதி என்பது அமெரிக்காவின் பெரிய பலம். விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏ.டி.எஸ்-பி. கருவி, குறிப்பிட்ட வான்வெளிகளில் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்று 2010-லேயே சொன்னார்கள். சிறு விமான உரிமையாளர்களுக்கு 500 டாலர் தள்ளுபடியும் தந்தார்கள். அந்தத் தேதியும் நகரவில்லை.

கனடா 1996-ல் வேறு வழியில் போனது. நாவ் கனடா என்ற லாபநோக்கற்ற நிறுவனம் 150 கோடி கனடிய டாலருக்கு முழு அமைப்பையும் அரசிடமிருந்து வாங்கியது. விமானங்கள் செலுத்தும் சேவைக்கட்டணமே அதன் வருமானம், முதலீட்டுக்குக் கடன்பத்திரம். அதனால் பட்ஜெட்டுக்குக் காத்திருக்காமல் விமானங்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கும் ஏரியான் நிறுவனத்தில் முதலீடு செய்ய முடிந்தது. 2019-ல் வட அட்லாண்டிக்கில் அதைப் பயன்பாட்டுக்கும் கொண்டுவந்தது. இன்னொரு நன்மை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் விமான நிறுவனங்கள் நியமிப்பவர்களும் இருக்கிறார்கள். தரையில் செலவாகும் பணம் தங்களுடையது என்பதால் விமானத்தில் பொருத்த வேண்டியதையும் அதே கணக்கில் யோசிக்கிறார்கள்.

பறப்பு நின்றால் இந்த வழியின் பலவீனம் தெரியும். 2020-ல் வருமானம் சரிந்தபோது, விமான நிறுவனங்கள் மூச்சுத் திணறிய அதே நேரத்தில் கட்டணம் சராசரியாக 29.5% உயர்ந்தது. ஆட்குறைப்பும் நடந்தது.

ஐரோப்பாவில் ஆராய்ச்சிக்குக் குறையில்லை. வான்வழி நவீனமயத்துக்காக 2007-ல் தொடங்கிய செசார் கூட்டமைப்பில் ஐரோப்பிய ஒன்றியம், பல நாடுகளின் வான்வழி ஒருங்கிணைப்பு அமைப்பான யூரோகண்ட்ரோல், தொழில்துறை மூன்றும் பங்களிக்கின்றன. ஆனால் வான்வெளி அந்தந்த நாட்டின் இறையாண்மைக்குள் இருக்கிறது. 2004-ன் 'ஒரே ஐரோப்பிய வானம்' விதிகளைத் திருத்த 2013-ல் வந்த முன்மொழிவு, 2024-ல்தான் சட்டமானது. விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையிலான தரவுத் தொடர்புக் கருவி 2015 பிப்ரவரி முதல் கட்டாயம் என்றார்கள். தரைப்பகுதி பல இடங்களில் தயாராகவில்லை, இணைப்பும் இடையிடையே அறுந்தது. தேதி 2020-க்குப் போனது. விதியை மதித்து முன்கூட்டியே பணம் போட்டவர்களுக்கு ஐந்தாண்டு பலன் தள்ளிப்போனது. அடுத்த ஆணை வரும்போது அவர்கள் ஏன் முந்துவார்கள்?

ஒருங்கிணைப்பின் கடினமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பத்து விமானத்தில் ஏழு புதிய பாதையில் பறக்க முடிந்து மூன்றால் முடியாவிட்டால், நெரிசல் நேரத்தில் கட்டுப்பாட்டாளர் பத்தையும் பழையபடி திசை சொல்லித்தான் கொண்டுவருவார். அவருக்கு அதுதான் பாதுகாப்பு. எழுபது சதவீதச் செலவுக்கு எழுபது சதவீதப் பலன் வராது.

என் தேர்வு, கனடாவின் கட்டணமும் அமெரிக்காவின் தேதியும்: சேவைக்கட்டணத்தில் ஓடும் தனி அமைப்பு, நெருக்கடியில் கட்டணம் ஏறாமலிருக்க அரசு உறுதி நிற்கும் கடன், கருவி பொருத்தப் பத்தாண்டு அவகாசம். ஐரோப்பியப் பாடத்திலிருந்து ஒரு நிபந்தனையும் வேண்டும்: தரைநிலையம் இயங்கிய பிறகே விமானத்துக்கான ஆணை அமலாக வேண்டும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. பாதைக்குக் கீழே வசிப்பவருக்கு நாவ் கனடாவின் நிர்வாகக் குழுவில்கூட இடமில்லை. செயற்கைக்கோள் பாதை துல்லியமானது என்பதாலேயே சத்தம் ஒரே தெருக்களின் மேல் குவிகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2014 செப்டம்பரில் புறப்படும் பாதைகளை மாற்றினார்கள்; நகரம் வழக்குப் போட்டது; 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. அதன் பிறகு பாதைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. சத்த ஆய்வுக்கும் மக்களிடம் கலந்து பேசுவதற்கும் ஆகும் செலவை, வரைபடத்தில் முதல் கோடு போடும் முன்பே அந்தப் பாதையின் மதிப்பீட்டில் சேர்த்தாக வேண்டும்.