நரி முகத்தில் முழித்தேன், 340 பவுண்டு போச்சு

இங்கிலாந்தில் இருந்துகொண்டு பழைய பீங்கான் சாமான் வாங்கும் பழக்கம் உள்ளவர்கள், அதுவும் நரி வேட்டைக் காட்சி போட்டவற்றின் மேல் ஆசை உள்ளவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று சனிக்கிழமை. இன்னும் வயிறு எரிகிறது, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது லெஸ்டரில். பக்கத்திலேயே மெல்டன் மோப்ரே. ஒரு காலத்தில் நரி வேட்டைக்காரர்களுக்கு அதுதான் திருப்பதி. குவார்ன், பீவர், காட்ஸ்மோர் என்று பேர்போன மூன்று வேட்டைக் கூட்டங்களின் எல்லைகளும் அந்த ஊரைச் சுற்றித்தான். நாய்களை ஏவி நரியைக் கொல்ல 2005 பிப்ரவரியிலிருந்து தடை. எனக்கும் அந்த வேட்டை பிடிக்காது. பிடித்தது அந்த ஜாடிகள்தான். சாரிட்டி கடையில் எட்டு பவுண்டுக்கு ஒரு பழுப்பு ஜக் வாங்கியதில் ஆரம்பித்தது. டௌல்டன் கம்பெனி லண்டன் லாம்பெத்தில் செய்தது. அந்த ஆலையை 1956-லேயே மூடிவிட்டார்கள். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பை வீசுவார்களாம், அதனால் மேல்தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி பொறிப்பொறியாக இருக்கும். குதிரைக்காரன், நாய், மரம் எல்லாம் தனித்தனி அச்சில் எடுத்துக் கையால் ஒட்டியவை. என் ஜக்கில் ஒரு நாயின் பின்னங்கால் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எவனோ அவசரத்தில் ஒட்டியிருக்கிறான். அந்தக் கால் ஒன்றுக்காகவே வாங்கினேன்.

ரொம்ப நாளாக ஆசைப்பட்டது ஸ்டிரப் கப். குதிரை மேல் ஏறி, அங்கவடியில் கால் வைத்தாகிவிட்டது, வேட்டை கிளம்பப் போகிறது, அப்போது கீழே இருந்து நீட்டுவார்களே, அந்த மதுக் கோப்பை. நரித் தலை உருவத்தில் இருக்கும். அடிப்பாகம் கிடையாது, கீழே நிற்காது, ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அலமாரியில் கவிழ்த்துதான் வைக்க முடியும், மூக்கு மேலே பார்த்தபடி. ஸ்டாஃபர்ட்ஷரில் 1800-ஐ ஒட்டிச் செய்த நல்ல கோப்பைகளுக்கு நல்ல விலை உண்டு.

பழம்பொருள் விற்கும் ஒரு இணையதளத்தில்தான் அதைப் பார்த்தேன். பேர் சொல்லப் போவதில்லை, சொன்னால் அது வேறு வம்பு. '1820 வாக்கில், அருமையான நிலை' என்று போட்டு 380 பவுண்டு விலை. படங்கள் ஆறு. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது: ஆறு படத்திலும் இடது காது சரியாகத் தெரியவில்லை. ஒன்றில் நிழல், ஒன்றில் கை மறைக்கிறது.

விற்றவரிடம் போனில் பேசினேன். வயதான குரல், இனிமையான பேச்சு. தாத்தா மெல்டனில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவராம். நேராகவே கேட்டேன்: "எங்கேயாவது உடைஞ்சு ஒட்டினது, சரிபண்ணினது இருக்கா?" "ஒரு கீறல்கூட இல்லை நண்பரே, என் அம்மா அதைக் கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே எடுத்ததே இல்லை." அங்கேதான் விழுந்தேன். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர்களை நாற்பது வருஷமாக யாரையும் தொடவிடாதவள் என் அம்மா. அந்த அம்மா, இந்த அம்மா எல்லாம் ஒன்றுதானே என்று மனது தானாக நம்பிவிட்டது. கேட்டதை எழுத்தில் வாங்கத் தோன்றவில்லை.

அப்புறம் அவரே சொன்னார்: தளத்தில் கமிஷன் பிடிக்கிறார்கள், நேராக என் பேங்க் கணக்குக்கு அனுப்புங்கள், 340-க்குத் தருகிறேன் என்று. நாற்பது பவுண்டு மிச்சம் என்று எனக்கும் பல் இளித்தது. அனுப்பிவிட்டேன். 340 பவுண்டு. "இனிமே தினமும் நரி முகத்துலதான் முழிக்கப் போறீங்க, அதிர்ஷ்டம் கொட்டப் போகுது" என்றாள் வீட்டுக்காரி. அவள் வாய் முகூர்த்தம்.

பார்சல் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாகக் கழுவினேன். இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் வழுக்கவில்லை, ஒட்டியது. நகத்தால் தொட்டேன். செம்பழுப்பு நிறம் வெயிலில் வெந்த தோல் உரிகிற மாதிரி உரிந்து நகத்திடுக்கில் ஏறியது. அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பூச்சு. குளியலறை விளக்கை அணைத்துவிட்டு யுவி டார்ச் (புற ஊதா ஒளி, பிற்பாடு பூசியது அதில் தனியாகத் தெரியும்) அடித்துப் பார்த்தேன். அந்தக் காதும், அதை ஒட்டி விளிம்பில் இரண்டு அங்குலமும் தனியாகப் பளிச்சென்று நின்றன. காது புதுக் காது, விளிம்பு புது விளிம்பு. மீதிக் கோப்பை அசல்தான், இடுக்குகளில் கிளேஸ், அதாவது பீங்கான் மேலுள்ள கண்ணாடி மாதிரிப் பூச்சு, தேங்கி இளநீலம் அடிக்கிறது, அந்தக் காலத்துச் சரக்குக்கே உரிய நீலம். அதுதான் இன்னும் எரிச்சல். முழுப் போலியாக இருந்தால் சண்டை போடவாவது சுலபம். இந்த நிலையில் உள்ளது என்று சொல்லியிருந்தால் 150-க்கு மேல் ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டேன்.

அன்றைக்கே படத்தோடு எழுதினேன். மறுநாள் பதில்: "இருநூறு வருஷப் பொருள், கொஞ்சம் வேலை செய்திருக்கத்தானே செய்யும்." போனில் வேறு மாதிரி சொன்னீர்களே என்றேன். "அப்படிச் சொன்னதாக நினைவில்லை." ஆன்லைனில் வியாபாரியிடம் வாங்கினால் 14 நாளில் திருப்பித் தரும் உரிமை உண்டே என்றேன். உடனே அவர் வியாபாரியே இல்லையாம், அம்மாவின் பொருளை விற்கும் தனி ஆளாம். தளத்தில் அவர் பக்கத்தில் அறுபது சாமான் விற்பனைக்குக் கிடக்கிறது, எல்லாம் ஒரே அம்மாவுடையது போலும்! கடைசியாக வந்தது: "நீங்கள் சுடுதண்ணீரில் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள்." அதோடு பேச்சு நின்றது.

தளத்துக்கு எழுதினால் முதலில் ஒரு இயந்திரம் வணக்கம் சொன்னது, பிறகு ஒரு ஆள் வந்தார். பணம் எங்கள் வழியாக வரவில்லை, அதனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? பேங்கில் இருபத்தைந்து நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, பொருள் வந்து சேர்ந்துவிட்டதால் இது மோசடி இல்லை, உங்கள் இருவருக்குள் உள்ள சிவில் தகராறு என்றார்கள். ஆக 340 பவுண்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

சரி, விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. சுருக்கமாக: தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும். கடைக்காரரிடம் நேராக கிரெடிட் கார்டில் கொடுங்கள். விலை 100 பவுண்டைத் தாண்டினால் 1974-ஆம் வருஷ நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு கம்பெனியையே பிடிக்கலாம். "உடைப்பு, ஒட்டு எதுவும் இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். காது, மூக்கு, கைப்பிடி, விளிம்பு நாலையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையில் கிடைத்தால் சந்தேகமான இடத்தைப் பல்லில் லேசாகத் தட்டுங்கள்: கிளேஸ் டிக்கென்று கேட்கும், பெயின்ட் மொத்தென்று இருக்கும். யுவி டார்ச் பத்து பவுண்டுக்குள் கிடைக்கிறது.

இதை எழுதும் முன் அவர் பக்கத்தை ஒருதரம் திறந்து பார்த்தேன். இன்று காலை இன்னொரு நரித் தலை ஏற்றியிருக்கிறார், 360 பவுண்டு. அதே மர மேசை, அதே நிழல். இடது காதை இதிலும் காணோம்.