தடையா, நிதி நிறுத்தமா? ஜெர்மனி முன் இரண்டு வழிகள்

2025 நாடாளுமன்றத் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. 20.8 சதவீத வாக்கு வாங்கிய பிறகு, இப்படிப்பட்ட கட்சிகளைச் சட்டத்தால் எப்படித் தடுப்பது என்று பலர் குழம்புகிறார்கள். கட்சியையே தடை செய்யலாம், அல்லது அதற்கு அரசு தரும் பணத்தை நிறுத்தலாம். எந்த வழியானாலும் முடிவு அரசியல் சாசன நீதிமன்றத்தின் கையில்தான்.

எதை நிரூபிக்க வேண்டும்?
தடை: ஜனநாயகத்தை ஒழிக்கும் நோக்கம் மட்டும் போதாது, அதைச் சாதிக்கும் வாய்ப்பும் வேண்டும். நவ-நாஜிக் கட்சியான என்.பி.டி. 2017-ல் தடையிலிருந்து தப்பியது இதனால்தான். நோக்கம் சாசனத்துக்கு விரோதம் என்று நீதிபதிகளே சொன்னார்கள்; ஆனால் கட்சிக்கு அந்த பலம் இல்லை. அதே கட்சி மீதான முந்தைய தடை வழக்கு 2003-ல் விழுந்தது இன்னும் வேதனை: கட்சித் தலைமையிலேயே உளவுத்துறையின் ஆட்கள் இருந்ததால், எது கட்சியின் பேச்சு, எது அரசு ஆட்களின் பேச்சு என்று பிரிக்க முடியவில்லை.
நிதி நிறுத்தம்: நோக்கத்தை நிரூபித்தால் போதும்.

விளைவு?
தடை: கட்சி கலையும், வேறு பெயரில் திரும்பவும் முடியாது. 1952-ல் நாஜிகளின் வாரிசான எஸ்.ஆர்.பி. கட்சிக்கு நடந்தது இதுதான்.
நிதி நிறுத்தம்: தேர்தலில் நிற்கலாம், அரசுப் பணம் வராது. பெயர் மாறிய என்.பி.டி.க்கு 2024 ஜனவரியில் 6 ஆண்டுகளுக்கு இது விதிக்கப்பட்டது.

சரி, எது யாருக்கு? சின்னக் கட்சிக்கு நிதி நிறுத்தமே சரி. ஏ.எஃப்.டி. அளவுக்கு வளர்ந்த கட்சியைப் பணத்தை நிறுத்தி மட்டும் அடக்க முடியாது. ஆதாரம் உறுதியாக இருந்தால் தடை வழக்கைத்தான் போட வேண்டும்.