டொனெபெசிலா, ரிவாஸ்டிக்மைன் பேட்ச்சா, மெமான்டைனா?

அல்சைமர் மறதிநோய்க்கு மருத்துவர்கள் எழுதித் தருபவை பெரும்பாலும் மூன்று மருந்துகள்தான்: டொனெபெசில், ரிவாஸ்டிக்மைன், மெமான்டைன். எதற்கு வீரியம் அதிகம் என்றுதான் குடும்பத்தார் முதலில் கேட்கிறார்கள். வீரியத்தில் இவற்றுக்குள் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பக்கவிளைவிலும் கொடுக்கும் முறையிலும்தான் இவை நன்றாக வேறுபடுகின்றன. அதனால் நோயாளியின் நாடி, வயிறு, சிறுநீரகம், வீட்டில் மருந்து கொடுக்கும் ஆள் ஆகிய நான்கையும் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

மூன்றில் எதுவும் நோயை நிறுத்தாது என்பதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. மருத்துவர் கேள்வி கேட்டு 30-க்கு மதிப்பெண் போடும் மினி மென்டல் சோதனையில், ஆறு மாதம் டொனெபெசில் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே சராசரியாக ஒரு மதிப்பெண் அளவுக்குத்தான் வித்தியாசம். மறந்துபோன பேரன் பெயர் திரும்ப வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தானே சட்டைப் பித்தான் போடுகிறவர் இன்னும் சில மாதங்கள் அதைத் தானே செய்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

டொனெபெசில்

தொடங்குவதற்கு இதுவே எளிது. தினம் ஒரே ஒரு மாத்திரை, விலையும் குறைவு. 5 மி.கி.யில் ஆரம்பித்து, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, ஒத்துக்கொண்டால் 10 மி.கி. அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே ஏற்றினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். ‘இந்த மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவுகட்டி நிறுத்திவிடுவார்கள். 23 மி.கி. மாத்திரையும் இருக்கிறது. அதில் வாந்தி கூடுகிற அளவுக்குப் பலன் கூடுவதில்லை, நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

வழக்கமாக இரவில் கொடுக்கச் சொல்வார்கள். பயங்கரக் கனவு கண்டு அலறுகிறார், தூங்குவதே இல்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றுங்கள். பலருக்கு அந்த ஒரு மாற்றமே போதும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 70 மணி நேரமாகும். ஒரு நாள் மறந்துபோனால் பெரிய நஷ்டமில்லை, மறுநாள் இரண்டாகக் கொடுக்கத் தேவையுமில்லை. அதே காரணத்தால், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை பக்கவிளைவு நீடிக்கலாம்.

கவலைப்பட வேண்டியது நாடித்துடிப்பைப் பற்றி. டொனெபெசில் அதைக் குறைக்கும். ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரலால், டில்டியாசெம் போன்றவற்றில் ஒன்றை எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து துடிப்பு 50-க்குக் கீழே போகலாம். கழிவறைக்குப் போக எழுந்தவர் மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இப்படித்தான். கண்ணழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் ரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கும். அதை ஒரு மருந்தாகவே கருதாமல் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனவே தொடங்கும் முன் ஒரு ஈசிஜி, தொடங்கிய பின்னும் மாத்திரை ஏற்றிய பின்னும் வாரம் இருமுறை நாடி பார்ப்பது அவசியம். மாதம் ஒருமுறை எடையும் பாருங்கள், பசி குறைந்து மெலிபவர்கள் உண்டு.

ரிவாஸ்டிக்மைன்

இதுவும் டொனெபெசில் வேலையைத்தான் செய்கிறது: நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனம் சீக்கிரம் சிதைந்துபோகாமல் காப்பது. அதனால் நாடி பற்றிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். கேப்ஸ்யூலாக எடுத்தால் சாப்பாட்டோடு காலையும் மாலையும், 1.5 மி.கி.யில் தொடக்கம். வெறும் வயிற்றில் விழுங்கினால் வாந்தி வரும் வாய்ப்பு அதிகம். மாத்திரையால் வயிறு புரட்டுகிறவருக்கும், விழுங்க மறுத்துத் துப்புகிறவருக்கும் தோலில் ஒட்டும் பேட்ச்தான் சரி. கேப்ஸ்யூலோடு ஒப்பிட்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்கு 9.5 மி.கி. தரும் பேட்ச் ஒட்டியவர்களிடம் குமட்டலும் வாந்தியும் மூன்றில் ஒரு பங்காக இருந்தன. ஆனால் மாதம் 30 பேட்ச் வாங்க, டொனெபெசில் செலவைப் போலப் பல மடங்கு ஆகும்.

24 மணி நேரத்துக்கு 4.6 மி.கி. தரும் பேட்ச்சில் தொடங்கி, நான்கு வாரம் கழித்து 9.5-க்கு மாறுவார்கள். தேவைப்பட்டால் 13.3. ஒட்டும் விதத்தில்தான் தவறுகள் நடக்கின்றன. முதலில் பழையதை எடுங்கள், பிறகு புதியது. மேல் முதுகு நல்ல இடம், அவர் கை எட்டாது, பிய்த்துப் போட மாட்டார். எண்ணெய்க் குளியல் அன்று தலையிலிருந்து முதுகுக்கு இறங்கிய எண்ணெய் இருந்தால் பேட்ச் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு ஒட்டுங்கள். பவுடர், கிரீம் எதுவும் அங்கே கூடாது. உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், ஓரங்கள் படிய வேண்டும். இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். ஒட்டிய அதே புள்ளிக்கு 14 நாள் திரும்பக் கூடாது, தோல் சிவந்து அரிக்கும். கத்தரித்துப் பாதியாக்கக் கூடாது. வியர்வையில் விழுந்துவிட்டால் புதிதாக ஒன்றை ஒட்டி, மறுநாள் வழக்கமான நேரத்தில் மாற்றுங்கள்.

காலையில் மருமகள் ஒட்டியது தெரியாமல் மாலையில் பராமரிப்பாளர் இன்னொன்றை ஒட்டிவிடும் ஆபத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே நேரத்தில் பல பேட்ச் ஒட்டியதால் உயிரிழப்புகளே பதிவாகியிருக்கின்றன. அடங்காத வாந்தி, வியர்த்துக் கொட்டுதல், எச்சில் ஒழுகுதல், மெதுவான நாடி தெரிந்தால் உடம்பு முழுக்கத் தேடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். காலண்டரில் ஒட்டிய நேரத்தையும் இடத்தையும் எழுதிவைத்தால் இந்த விபத்து நடக்காது. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடராமல், மருத்துவரைக் கேட்டு 4.6-லிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

பார்க்கின்சனோடு வந்த மறதியென்றால் முதலில் யோசிக்க வேண்டியது ரிவாஸ்டிக்மைன்தான். லூயி பாடி டிமென்ஷியா என்ற இன்னொரு வகை மறதிநோயில், இல்லாத ஆள் இருப்பதாகக் காணும் தோற்றங்களும் இதில் தணியக்கூடும். அந்த நோயாளிக்கு ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவசரப் பிரிவுக்குப் போகும்போது நோயின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள்.

மெமான்டைன்

குளூட்டமேட் என்ற வேறொரு மூளை ரசாயனத்தின் வழியாக இது வேலை செய்வதால் நாடியையும் வயிற்றையும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் ஆரம்பக் கட்ட நோயில் பலன் இல்லை. நடுத்தர, முற்றிய நிலைக்குத்தான் இது. தினம் 5 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 வீதம் ஏற்றி 20 மி.கி.க்குக் கொண்டுபோவார்கள். தலைசுற்றல், மலச்சிக்கல், சிலருக்கு அசதி வரும்.

இங்கே பார்க்க வேண்டியது சிறுநீரகம். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே என்றால் நாளுக்கு 10 மி.கி.யோடு நிறுத்த வேண்டும். சிறுநீரகக் கோளாறுக்குச் சோடியம் பைகார்பனேட் மாத்திரை எடுப்பவருக்குச் சிறுநீர் காரத்தன்மையாகி மெமான்டைன் வெளியேறாமல் தேங்கும். நன்றாக இருந்தவர் திடீரென்று உளறினால் நோய் முற்றிவிட்டது என்று நினைக்கும் முன் இதையும் சிறுநீர்த் தொற்றையும் பாருங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் சிரப்பையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

சேர்ப்பதா, நிறுத்துவதா?

பிரிட்டனில் 295 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான டொமினோ ஆய்வில், நோய் நடுத்தர அல்லது முற்றிய நிலையை அடைந்த பிறகும் டொனெபெசிலைத் தொடர்ந்தவர்கள், நிறுத்தியவர்களைவிட மினி மென்டலில் 1.9 மதிப்பெண் மேலே இருந்தார்கள். நிறுத்தியவர்களில் முதல் ஆண்டில் பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்ததும் ஏறக்குறைய இரட்டிப்பு. மெமான்டைன் சேர்த்ததால் கூடுதல் லாபம் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே ‘இனி என்ன பயன்’ என்று நீங்களாக டொனெபெசிலை நிறுத்தாதீர்கள். நாடி, எடை காரணமாக அதைத் தாங்க முடியாதவருக்கு மெமான்டைன் நல்ல மாற்று. இரண்டையும் சேர்ப்பது பழக்கத்தில் உள்ளதுதான், ஆனால் கையில் காசு குறைவு என்றால் இரண்டாவதை விட்டுவிடுவதால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஊசியாக ஏற்றும் லெகனெமாப் என்ற மருந்து ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கொருமுறை ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும், மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வருகிறதா என்று அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மேலே சொன்ன மூன்றோடு வைத்து எடைபோடக்கூடிய மருந்தல்ல அது. நடத்தை மாற்றத்தில் தொடங்கும் முன்மூளை டிமென்ஷியாவுக்கோ இந்த மூன்றுமே பலன் தருவதில்லை, டொனெபெசில் அந்த நோயாளியை இன்னும் முரண்டு பிடிக்கவைக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், எதிர்த்திசையில் இழுக்கும் மாத்திரை வீட்டில் இருந்தால் அத்தனையும் வீண். அரிப்புக்கு எப்போதோ வாங்கிய அவில், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கு ட்ரைஹெக்சிபெனிடில் ஆகியவை அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. டொனெபெசிலால் சிறுநீர் கசிய, அதற்கு வேறொரு மருத்துவர் இதே வகையைச் சேர்ந்த ஆக்ஸிபியூட்டினின் எழுத, மறதி இன்னும் கூடும் வீடுகள் உண்டு. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், கண் சொட்டு மருந்தையும், இருமல் சிரப்பையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவர் மேசையில் கொட்டுங்கள்.