மார்க் 2 அம்பாசிடரில் ஆல்டர்னேட்டர்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

மார்க் 2 அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் புதுவகை ஆல்டர்னேட்டர் போடலாமா என்று கேட்டார். என் வண்டியில் அந்த வேலை முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

பயனில் எனக்குச் சந்தேகமே இல்லை. டைனமோவில் முழு மின்னோட்டமும் கம்யூட்டேட்டர் என்ற சுழலும் செம்பு வளையம், அதைத் தொட்டு நிற்கும் கார்பன் பிரஷ் வழியாகவே வெளிவர வேண்டும் என்பதால், அந்தக் காலத்து டைனமோ 22 ஆம்பியர் கொடுப்பதே பெரிது. அதுவும் சிக்னலில் நின்றுவிட்டால் இல்லை, ஹெட்லைட்டும் வைப்பரும் பேட்டரியைத்தான் உறிஞ்சும். இப்போது வண்டி ஐடிலில் நிற்கும்போதே பேட்டரியில் மீட்டரை வைத்தால் 14 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டுகிறது. டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துப் பிரிக்கும் கட் அவுட் சுவிட்சின் பாயிண்ட்டுகளை உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டிருக்கும் தொல்லையும் ஒழிந்தது.

என் கோபமெல்லாம் டேஷ்போர்டில், பேட்டரிக்கு சார்ஜ் ஏறாதபோது எரியும் சிவப்பு விளக்கின் மேல்தான். டைனமோவின் இரும்பில் எப்போதும் சிறிது காந்தம் தங்கியிருக்கும். ஆகவே அந்த பல்பு போனாலும் சார்ஜ் நடந்துகொண்டிருந்தது. ஆல்டர்னேட்டரிலோ, பல்பு வழியாகப் போகும் சிறு மின்னோட்டம்தான் உள்ளே சுழலும் ரோட்டரை முதலில் காந்தமாக்குகிறது. வேலை செய்த கடைக்காரர், பளிச்சென்று இருக்கும் என்று சொல்லி அங்கே எல்இடி பல்பைப் போட்டுவிட, அதன் வழியே போன மின்னோட்டம் போதாமல், எஞ்சினை நன்றாக முறுக்கினால் ஒழிய ஆல்டர்னேட்டர் எழுந்திருக்கவே மறுத்தது. மறுபடியும் சாதாரண 2.2 வாட் பல்பைப் போட்டதும் சரியானது. ஆனால் துருவேறிய ஹோல்டர் குலுங்கும்போதெல்லாம் அதே கதை. கடைசியில் பல்புக்கு இணையாக 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்த பிறகே நிம்மதி வந்தது. ஆல்டர்னேட்டரைக் குறை சொல்வது நியாயமில்லை என்று தெரியும். இருந்தும் சாவியைத் திருப்பும்போதெல்லாம் கண் அந்த விளக்குக்குத்தான் போகிறது.

பிராக்கெட், பெல்ட் நேராக ஓடுவதற்கான வாஷர் எல்லாம் லேத்துக்காரர் பார்த்துக்கொள்வார். வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது என்றால் மட்டும் முதலில் அதை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகள் அந்தக் கணமே எரிந்துவிடும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே வரும் வண்டிக்கு டைனமோ தாராளம். மாற்றியே தீருவேன் என்றால், ரெசிஸ்டரை முதல் நாளே போடச் சொல்லுங்கள். கழற்றிய டைனமோவைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். என்னுடையதைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன், அடுத்த முறை இந்த விளக்கு வம்பு செய்தால் அதையே திரும்ப மாட்டிவிடுவேன்.